டம்ளருக்குள் வெண்ணெய்

கேக் செய்ய வேண்டும். கல்லாய் இறுகியிருந்த வெண்ணெய்மேல், வெந்நீரில் சூடாக்கிய டம்ளரைக் கவிழ்த்தாள் மகள்.

"உருகிடப் போகுது சாமி!" என்றபடி ஒரு கிண்ணத்தில் பச்சைத்தண்ணீர் மொண்டுகொண்டேன்.

வெண்ணெய் வாசம் எழுந்ததும் ராசிபுரத்துத் தை மாதக் காலையொன்று நினைவுக்கு வந்துவிட்டது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். முறுக்கு மாவுக்கு வெண்ணெய் சீக்கிரம் இளகட்டுமென்று அடுப்போரம் வைத்தேன். எண்ணெயாய் உருகிவிட்டது.

"என்னால சம்பந்தமே போச்சு!" என்று அழுதேன்.

அக்கா சிரித்தாள். "அவரு முறுக்கையா கட்டிக்கப் போறாரு?"

அம்மா உருகியதைப் பானையின் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினாள். வெள்ளை இதழ்களாய் உறைந்து, மெல்லச் சுழன்று மிதந்தது வெண்ணெய். அழுகையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது முறுக்கும் கேட்டு வாங்கினார்.

மகள் டம்ளரை எடுத்தாள். விரல் பதியும் பதம்.

"பாத்தீங்களாம்மா, இதுக்கா பயந்தீங்க?"

சிரித்தேன். கையிலிருந்த பச்சைத்தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் இன்னும் கீழே வைக்கவில்லை.