நெல்சன் வாசிக்காத சோலோ

போன ஞாயிற்றுக்கிழமை, அசோக் நகரில் ஒரு ரிகர்சல் ரூம். அறுபத்து மூன்று வயது மனிதர் ஒருவர், தான் வாசித்த கிடார் சோலோவை, பாட்டின் நடுவே கிடார் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை, தன்னாலேயே வாசிக்க முடியாமல் திணறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனில் கேட்பார். தலையாட்டுவார். வாசிப்பார். அதே இடத்தில் விரல் சறுக்கும். மறுபடியும் ஹெட்போன்...

காப்பியடிக்க வேண்டியது வேறு யாரையுமல்ல. அவரையேதான்!

அந்த மனிதர் நெல்சன், என் காலேஜ் நண்பன். எங்கள் ராக் பேண்டில் அவன் லீட் கிடார். நான் பேஸ் கிடார் என்ற பெயரில் ஓரமாக நின்றவன். படிப்பு முடிந்ததும் நான் வேலைக்குப் போனேன். அவன் போகவில்லை. ஹோட்டல், கல்யாண ரிசப்ஷன், விளம்பரப் படம் என்று நாற்பது வருடம் வாசித்தான் — எல்லாம் அடுத்தவர் பாட்டு. சொந்தமாக ஓர் ஆல்பம் கிடையாது. அந்த ஏக்கம் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

"இனிமே எப்போடா?" என்று நச்சரித்தது நான்தான். வேளச்சேரியிலிருந்து ஐ.டி. வேலை பார்க்கும் மூன்று பேர் கிடைத்தார்கள். பாடுகிற விக்னேஷ்தான் கேப்டன். புது பேண்ட் ரெடி. அடையாறில் ஒரு சின்ன ஸ்டூடியோ. எட்டுப் பாட்டு.

இங்கேதான் கோளாறு. நெல்சன் ஒரு சோலோவை இரண்டாவது முறை அப்படியே வாசித்ததாகச் சரித்திரமே இல்லை. "ஒரே மாரி ரெண்டு தபா வாசிச்சா அது டூட்டி மச்சி" என்பான். டைட்டில் பாட்டின் சோலோவை ஏழு டேக், அதாவது ஏழு தடவை, பதிவுக்கு வாசித்தான். ஏழும் ஏழு விதம். "எது புடிக்குதோ வெச்சிக்கோங்கப்பா" என்று எழுந்தான். நானும் சும்மா இருக்காமல், "வாடா, ஒரு காபி சாப்பிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

காபியா முக்கியம்? அந்த அரை மணியில், ஸ்டூடியோவின் ரெக்கார்டிங் இன்ஜினியர் ஏழு டேக்கிலிருந்தும் நல்ல நல்ல இடமாக வெட்டி, ஒட்டி, ஒரே சோலோ ஆக்கிவிட்டார். திரும்பி வந்து கேட்டோம். பிரமாதம்! நெல்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானாடா இது?"

"பின்ன வேற யாரு?" என்றேன், மேதாவி மாதிரி.

பாட்டை நெட்டில் விட்டார்கள். கேட்டவர்களெல்லாம் அந்த சோலோவைத்தான் கொண்டாடினார்கள். அடுத்த வாரம் ஆல்பம் வெளியீடு. மேடையில் அப்படியே வாசிக்க வேண்டும்.

அப்படியே... எப்படி? மூன்றாவது டேக் முடிவது கிடார் கழுத்தின் இந்தக் கோடியில். அதோடு ஒட்டிய ஐந்தாவது டேக் தொடங்குவது அந்தக் கோடியில். நடுவே மூச்சுவிட இடமில்லை. ஒரே கை ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் இருந்தாக வேண்டும். அவனுடைய மந்தைவெளி வீட்டில் இரண்டு வாரமாக இதே போராட்டம். மோதிர விரல் மூட்டு வீங்கிக் கிடக்கிறது.

யோசித்துப் பார்த்தால், நம் எல்லோரிடமும் நம்மைவிட நல்ல ஒரு 'நாம்' இருக்கிறது. வாட்ஸ்அப் டிபியில் சிரிக்கிறவர் வேறு, காலையில் கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுக்கிறவர் வேறு. நாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். யாரும் நம்மை மேடையேற்றி, 'எங்கே, அந்த ஆளாக இரு' என்று கேட்பதில்லையே!

"இஷ்டத்துக்கு வாசிக்கட்டுமேப்பா" என்று அன்று ரிகர்சல் ரூமில் விக்னேஷிடம் கேட்டுப் பார்த்தேன்.

"வேற மாதிரி வாசிச்சா, ஆல்பத்துல வாசிச்சது இவரே இல்லன்னு கமென்ட் போடுவாங்க அங்கிள்" என்றான். கெட்ட பையன் இல்லை. நெல்சன் பக்கத்தில் போய் அன்பாகத்தான் சொன்னான்: "அந்த ஒரு இடத்துக்கு ரெக்கார்டிங்கையே ஓட விட்டுடலாம் அங்கிள். நீங்க கையை மட்டும் அசைங்க. யாருக்கும் தெரியாது."

நெல்சன் என்னைப் பார்த்தான். 'வேண்டாம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வீங்கிய விரலைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள்தானே நெல்சா..." என்றேன்.

அவன் கிடாரிலிருந்து ஒயரை உருவினான். "சரிப்பா" என்றான். அந்தக் குரலில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

வெளியே ஆட்டோவுக்காக நின்றோம்.

"ஃபங்ஷனுக்கு நீ வராத மச்சி" என்றான்.

"ஏன்டா?"

"வேற யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்ல..."