பன்னிரண்டு ஆகட்டும்

கல்லூரியில் எனக்கு இயற்பியல்தான் கிடைத்தது. கூடவே கம்ப்யூட்டர் சயின்ஸைத் துணைப் பாடமாக எடுத்துவிட்டால் வேலைக்கு ஒரு வழி பிறக்கும் என்று நம்பியிருந்தேன். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ஆன்லைன் பதிவு தொடங்கியது. முந்துகிறவர்களுக்கே இடம்.

"ராகுகாலம்டி. பன்னெண்டு ஆகட்டும்" என்றார் அப்பா. ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஒரு புதுத்துணிகூட உடுத்த மாட்டோம். நானும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். இடையில் அப்பாவுக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

பன்னிரண்டானதும் அழுத்தினேன். இடமில்லை என்று வந்தது.

கல்லூரி உதவி மையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த டீச்சர் பக்கத்து ஆரியசாலைக்காரர், மலையாளம் கலந்து பேசுபவர். எனக்கு வேண்டிய பாடத்தையும் அப்பாவின் நம்பரையும் முன்பே குறித்து வைத்திருந்தார். என் பெயரைக் கேட்டதும் திகைத்தார்.

"மோளே, ஒரு சீட்டுதான் பாக்கி, வேகம் செய்யணும்னு நான் போன்ல விளிச்சுச் சொன்னேனே! அப்பா சரின்னாரே!"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி ஒண்ணும் செய்ய முடியாது, மோளே."

மிச்சமிருந்த அரசியல் பாடத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"டீச்சர் ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலப்பா."

அதன் பிறகு அப்பா எனக்கு நல்ல நேரம் பார்த்துச் சொன்னதே இல்லை. அந்த அரசியல் வகுப்பில் உட்காரும்போதெல்லாம், மறுபடி ஒருமுறையாவது நேரம் பார்த்துச் சொல்ல மாட்டாரா என்று இருக்கிறது.