பதினாலும் தொண்ணூறும்

மகளின் பெயரை மேடையில் கூப்பிட்டபோது நான் ஏன் எழுந்து நின்று கைதட்டினேன்? நான்கு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் லா சப்பல் மெட்ரோ நிலையப் படிகளில் ஏறி இறங்குகிறேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை.

போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் ஊர்ச்சனம் கூடக்கூட, ஊர்ச்சங்கம் ஒன்று தொடங்கினார்கள். ஊரில் குளத்துக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கும் மேற்கே இருப்பவர்களுக்கும் ஒரு பழைய கோபம் உண்டு. குளம் அங்கேயே கிடக்கிறது. கோபம் மட்டும் எங்களோடு வந்துவிட்டது. லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தின் பின்னறையில் சங்கக் கூட்டம் நடக்கும்போது கிழக்கார் ஒரு மேசை, மேற்கார் ஒரு மேசை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூலகமா, கோயிலுக்கு மண்டபமா என்று மூன்று வருடமாகப் பேசுகிறார்கள். இரண்டும் இன்னும் கட்டப்படவில்லை.

இந்த வருடம் என் கணவர் மேற்கார் சார்பில் செயலாளர் பதவிக்கு நின்றார்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜூன் மாதத்து ஒன்றுகூடலில், பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் புள்ளி எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுப்பார்கள். அதே நாளில்தான் வாக்கெடுப்பும். ஆனால் யாருடைய பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து வாக்கை முன்னமே முடிவு செய்துவிடுவார்கள். மூளை என்றால் எங்களுக்குப் புள்ளிதான். நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைப் புள்ளி வரிசையில் வாசிப்பார்கள். நான் எப்போதும் மூன்றாவது. எனக்கு முன்னால் வாசித்த இரண்டு பெயர்களை இன்றும் மறக்கவில்லை.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. படிப்பில் இருபதுக்குப் பதினாலு. இங்கே புள்ளி இருபதுக்குத்தான். பதினெட்டை ஆசிரியர்கள் கண்ணில் காட்டவே மாட்டார்கள். அறிக்கையின் அடியில் 'மிக நல்ல ஆண்டு, வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள். மகள் அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள்.

அவளுக்கு உயிர் பேஸ்போல். பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கழகம் இருக்கிறது. உதைபந்தாட்டத் திடலின் ஒரு மூலையை அவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூங்கில் தடியால் அடித்துவிட்டு ஓடிய எல்லே என்ற விளையாட்டைத்தான் இவர்கள் தலைக்கவசத்தோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மகள் அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். எந்தப் பந்து போட வேண்டும், யார் எங்கே தள்ளி நிற்க வேண்டும் என்று விரலாலும் கையாலும் காட்டிக்கொண்டே இருப்பாள். "உங்கள் மகள் மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்து யோசிக்கிறாள்" என்று பயிற்சியாளர் அம்மா ஒருமுறை சொன்னார். நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'புள்ளி எத்தனை' என்றுதான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைவைத்திருக்கும் ஒரு கிழக்கார் அண்ணை கணவரை வழியில் மறித்துக் கேட்டாராம்: "என்ன தம்பி, மகள் முகமூடி போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறாளாம்? பட்டியலிலை பேரைக் காணேல்லை. விளையாட்டிலை விட்டிட்டியளோ?"

கணவர் வந்து கேடயத்துக்கான சங்க விண்ணப்பத்தாளை என் முன்னால் வைத்தார். "நீ படிச்சனீ. வடிவா யோசிச்சு எழுது."

அவர் என்ன சொல்ல வந்தார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். தாளில் 'நூற்றுக்கு எத்தனை' என்று ஒரு கட்டம். ஐந்தால் பெருக்கினால் எழுபது. ஆனால் இந்த நாட்டுப் பதினாலு எங்கள் ஊரில் எழுபது இல்லை, அதைவிடப் பெரியது என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். அதில் உண்மையும் இருந்தது. அறிக்கையை இணைக்கச் சொல்லவில்லை. ஊர்ச்சனம் என்ற நம்பிக்கை. தொண்ணூறு என்று எழுதினேன். எண்பத்தொன்று போதுமே, ஏன் தொண்ணூறு? அதுவும் தெரியவில்லை.

ஒன்றுகூடல் நடந்த ஞாயிறன்றுதான் மகளின் கழகத்துக்குக் கடைசி ஆட்டம். "அப்பாவுக்காக ஒருநாள்" என்றேன். பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஒலிவாங்கியில் பெயரைச் சொல்லி, "நூற்றுக்குத் தொண்ணூறு!" என்றார்கள். மேற்கார் மேசைகள் ஆரவாரித்தன. எழுந்து நின்றேன், கைதட்டினேன். மகள் கேடயத்தை வாங்கிக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

கணவர் வென்றார்.

அவர் மண்டபத்தில் நிற்க, நாங்கள் இருவரும் டிராமில் திரும்பினோம். கேடயம் அவள் மடியில்.

"அம்மா, தொண்ணூறு எண்டால் கத்ர்-வான்-தீஸ் தானே?"

"ஓம்."

"நான் எங்கை தொண்ணூறு எடுத்தனான்? கத்தோர்ஸ் தானே எடுத்தனான்." பதினாலைப் பிரெஞ்சில்தான் சொன்னாள்.

"எங்கட ஊர்க் கணக்குக்கு அது அவ்வளவு வரும், பிள்ளை."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு தரிப்பிடம் கழித்துக் கேட்டாள்: "அப்ப என்ர கத்தோர்ஸ் காணாதே?"

காணும் என்று சொல்லியிருக்க வேண்டும். போதும் என்கிற அந்த ஒரு சொல்தான். "வீட்டை போய்க் கதைப்பம்" என்றேன். வீட்டில் கதைக்கவில்லை. அன்றைய ஆட்டத்தில் வென்றார்களா தோற்றார்களா என்றும் நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் குளிர்பெட்டிக் கதவில் அறிக்கை இல்லை.

செப்டெம்பரில் கழகத்தில் பெயர் பதியும் நாள் வந்தபோது, "நேரமில்லை. தொண்ணூறு எடுக்க வேணும்" என்றாள். சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. பாடசாலையால் வந்ததும் மேசைக்குப் போகிறாள். கையுறையும் கேடயமும் அலுமாரியில் ஒரே தட்டில் கிடக்கின்றன. கணவருக்குச் சந்தோஷம். "பாத்தியே, ஒரு கேடயம் குடுத்த புத்தியை" என்கிறார். கிழக்கார் அண்ணைகூட, "உங்கட மகளை எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் காட்டுறனாங்கள், தங்கச்சி" என்றார். ஊர் ஆசைப்படுகிற பிள்ளை என் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. போன கிழமை கணக்கில் பதினைந்து எடுத்தாள். அதை ஐந்தால் பெருக்கிக் கொப்பியின் ஓரத்தில் சிறிதாக எழுதியிருந்தாள்.

பயிற்சியாளர் அம்மா தொலைபேசியில் பேசினார். அந்த இடத்தில் வேறு ஒரு பிள்ளையை இருத்திப் பார்த்தார்களாம், சரிவரவில்லையாம். ஒக்டோபர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறை முடியும்வரை மகளின் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

கேடயத்தைத் திருப்பிக் கொடுத்து, பொய் எழுதியது நான்தான் என்று சங்கத்தில் சொல்லலாம். அந்தப் பின்னறையில் கணவரால் பிறகு தலைநிமிர்ந்து இருக்க முடியாது. அவர் என்னை மன்னிப்பாரா என்பதும் தெரியாது. சங்கத்தை விட்டுவிட்டு மகளிடம் மட்டும் சொல்லலாம். ஆனால் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கைதட்டிய நான், குசினிக்குள் அவள் காதில் மட்டும் "பதினாலு காணும்" என்றால் அவள் எதை நம்புவாள்?

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளையிடம் இப்படிப் பிழைவிட்டு, அதைச் சொல்லித் திருத்தியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். முதலில் யாரிடம் போனீர்கள்? எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள்? அந்தப் பதினொரு நாள் முடியமுன் எழுதினால் நல்லது.