மலையைப் பார்த்து நின்ற வண்டி

என் சித்தியின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் சிரிக்கவில்லை. பட்டுப்பாவாடைப் பெண்கள் நடுவே, பள்ளிக்கூட யூனிஃபார்மில், உம்மென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் இது என்ன வேஷம் என்று கேட்பார்கள். எல்லாம் எங்கள் அப்பா ஆயில் மாற்றியதால் வந்தது என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய வேன் நின்றது. ஏதோ பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றிக் களைத்த வண்டி. அப்பா அதை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கீழும் மேலுமாகக் கட்டில், ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குட்டி வீடாகவே ஆக்கினார். கிரிவலம் வருகிற குடும்பங்கள் அதை வாடகைக்கு எடுத்து, அப்படியே படுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில் பார்க்கப் போகும் என்பது அவர் கணக்கு. எப்போதாவது ஒரு குடும்பம் போனது. மற்ற நாளெல்லாம் வண்டி வாசலில் நின்று வெயில் காய்ந்தது. எங்கள் தெருப் பேச்சில் வீடு என்றால் ஊடு; அதனால் அதற்கு ஊட்டு வண்டி என்று பேர்.

அப்பாவுக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. எல்லாரும் திருட்டுப்பசங்க என்பார். எது பழுதானாலும் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் கைபட்ட மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது ஒரு ஆள் மிக்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் சரிசெய்த குழாயில் தண்ணீர் வரும், ஆனால் நிற்காது. மாமாவின் கல்யாணத்துக்கு பைக்கில் கிளம்பிப் பாதி வழியில் அதைப் பிரித்துப் போட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்த தம்பி தாலி கட்டுவதை அம்மா பார்க்கவில்லை.

அம்மா சண்டை போட மாட்டாள். எதையும் ஒரே ஒரு தடவை சொல்வாள். கேட்டால் கேட்டது, இல்லாவிட்டால் அதோடு விட்டுவிடுவாள். எனக்கு அதுவே எரிச்சலாக இருக்கும். எதிர்வீட்டு அம்மாள் புருஷனைத் தெருவே கேட்கும்படி திட்டுவாள், அந்த வீட்டில் குழாய் நன்றாகவே வேலை செய்தது.

சித்தியின் கல்யாணம் மரக்காணத்தில், அம்மா பிறந்த வீட்டில். அம்மாவைப் பெற்றவள் எப்போதோ இறந்துவிட்டாள். அதனால் தாய் ஸ்தானத்தில் நின்று முந்தின நாள் சாயங்காலம் சித்திக்கு நலங்கு வைக்க வேண்டியவள் அம்மா. வேறு யாரும் மஞ்சள் தொடக் கூடாது, அக்கா வரட்டும் என்று சித்தி சொல்லி வைத்திருந்தாள். இந்தத் தடவை நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று அம்மாவும் அப்பாவிடம் சொன்னாள், வழக்கம்போல் ஒரு தடவை. எனக்கும் ஒரு பேராசை இருந்தது. மேல்கட்டிலில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டே கடலைப் பார்க்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில் ஆயில் மாற்றியே தீருவேன் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். முந்தின நாளே செய்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்க மாட்டாராம். அன்று சாயங்காலம் பௌர்ணமி பிறக்கிறது. மத்தியானத்துக்குமேல் கிரிவலப் பாதையில் போலீஸ் தடுப்பு போட்டுவிடுவார்கள், வண்டி வெளியே போக முடியாது. அது தெரிந்தும் நிதானமாகக் கற்பூரம் தேடினார்.

எங்கள் ஊரில் மலைதான் சாமி. மலைக்கு முதுகு காட்டிக்கொண்டு எந்த நல்ல காரியத்தையும் தொடங்கக் கூடாது என்பது பலருக்கும் உள்ள வழக்கம். அப்பா அதை வண்டிக்கும் சேர்த்துக்கொண்டார். தெருவைப் பார்த்து நின்ற வேனை முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பி, மூக்கு மலையைப் பார்க்க நிறுத்தினார். எங்கள் வாசல் அடிவாரத்து மண். மலைப்பக்கம் மேடு, தெருப்பக்கம் பள்ளம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, அம்மா துணி ஊறவைக்கும் டப்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். பழைய ஆயில் கருகருவென்று டப்பில் இறங்கியது. அதில் பாதி அவர் சட்டையில் இறங்கியது.

வீட்டு சிலிண்டரை முதல் நாளே வேனில் ஏற்றிவிட்டதால் அம்மா வேனுக்குள் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்லின் நடுவில் ஊற்றிய மாவு, பரப்புவதற்குள் பின்பக்கமாக வழிந்து ஓரத்தில் திட்டாக நின்றது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே எட்டிச் சொன்னாள்.

"ஏங்க, மாவு பின்னாடி ஓடுது. வண்டி சாஞ்சி நிக்குது. ரோட்டுல சமமா நிறுத்திட்டு ஆயில் அளவு பாருங்க."

"தோச ஊத்தறதும் இஞ்சின் வேலையும் ஒண்ணா? நீ உன் வேலையப் பாரு," என்றார் அப்பா. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

புது ஆயில் ஊற்றி, அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கம்மியாகக் காட்டியது. இன்னும் ஊற்றினார். அப்போதும் கம்மி. ஆயில் முழுவதும் சாய்ந்து பின்னால் கிடக்க, முன்னால் இருக்கும் கம்பி வேறு எதைக் காட்டும்? வண்டிக்கு நல்ல பசி என்று சொல்லிவிட்டு, கடைக்கு ஓடி இன்னொரு டப்பா வாங்கி வந்து அதையும் ஊற்றினார். கம்பி கடைசியில் ஒத்துக்கொண்டது. அப்பா முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் அந்தக் கம்பியைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கிறது.

தடுப்பு போட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரரைக் கெஞ்சி வெளியே வந்தோம். நான் மேல்கட்டிலில் ஏறிப் படுத்தேன். ஊரைத் தாண்டும்போதே பின்னால் வந்த பஸ்காரன் ஓயாமல் ஹாரன் அடித்தான். அப்பா அவனைத் திட்டினார். வண்டி விட்ட புகையில் அவனுக்குச் சாலையே தெரியவில்லை என்பது கீழ்பென்னாத்தூரில்தான் தெரிந்தது. அங்கே வண்டி இருமி, உதறி, நின்றுவிட்டது. அடியில் ஆயில் சொட்டி ரோட்டில் குளம் கட்டியது. பஸ் ஸ்டாண்டில் நின்ற கூட்டம் முழுக்க வந்து சுற்றி நின்றது.

"ஜாஸ்தி ஊத்திட்டீங்களா அண்ணே?" என்று யாரோ ஒருவர் கேட்டார். அப்பா அவரை முறைத்துவிட்டு, பத்து நிமிஷம் என்றார். அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, இஞ்சினைப் பார்த்துச் சொன்னார். வெயில் சாய ஆரம்பித்தது. பத்து நிமிஷம் என்று மறுபடியும் சொன்னார்.

அம்மா எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டைப்பையை இழுத்தாள். எங்கள் துணியெல்லாம் பெட்டியில் இருந்தது. இந்தப் பையை அவள் எப்போது கட்டினாள் என்று எனக்குத் தெரியாது.

"நான் பஸ்ல போறேங்க," என்றாள். "நீங்க மெதுவா பாத்துட்டு வாங்க."

குரலில் கோபமே இல்லை. அப்பா அப்படியே நின்றார். கையெல்லாம் ஆயில் என்பதால்தான் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை என்று நினைத்தேன். நான் கட்டில் கம்பியைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று கத்தினேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். செஞ்சி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, திண்டிவனத்தில் மாறி, மரக்காணம் போகும்வரை நான் அவளோடு பேசவில்லை. கடல் எந்தப் பக்கம் வந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

கல்யாண வீட்டில் சித்தி மணையில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டும் யாரையும் மஞ்சள் தொடவிடவில்லை. அம்மா கையைக் கழுவிவிட்டு நேராகப் போய் அவள் கன்னத்தில் மஞ்சளைப் பூசினாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் பையைப் பிரித்து என் பட்டுப்பாவாடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அது வேனில், பெட்டியில் இருந்தது. பையில் என் இரண்டு ஜோடி யூனிஃபார்மும், பாடப்புத்தகங்களும், அம்மா தினமும் கட்டுகிற புடவைகளும் இருந்தன. கல்யாணத்துக்கு வருகிற பையில் யாராவது கணக்குப் புத்தகம் வைப்பார்களா? அவசரத்தில் பையை மாற்றி எடுத்துவிட்டாள், இவ்வளவு விவரம் கெட்டவளா நம் அம்மா என்று பொருமினேன்.

கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. கல்யாணம் முடிந்து வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். நாங்கள் கிளம்பவில்லை. எப்போது போவோம் என்று கேட்டால் அம்மா துணி மடிக்கப் போய்விடுவாள். அப்பா போன் செய்தால் எடுத்து, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுவாள். அடுத்த வாரம் ஒருநாள் காலையில் எனக்கு யூனிஃபார்ம் போட்டு, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்றாள். கவர்மென்ட் பள்ளி யூனிஃபார்ம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பது அன்று எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. என் பள்ளிக்கூடம் இருக்கும்போது இன்னொன்றை எதற்குப் பார்க்க வேண்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்து உதைத்துக்கொண்டு அழுதேன்.

அப்போது உப்பளத்துப் பாதையில் எங்கள் வேன் வந்தது. புகை இல்லை. அப்பா வீட்டுக்குள் வரவில்லை. உப்புப் பாத்திகளின் ஓரமாக, தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிற அந்தத் தரையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்து, மாவு வாங்கி வா என்றார். வீட்டுக்குள் போய் வாங்கி வந்தேன்.

வேனுக்குள் அடுப்பைப் பற்றவைத்து, கல்லில் ஒரு கரண்டி ஊற்றினார். அவர் தோசை ஊற்றி நான் பார்த்ததே இல்லை. மாவு நடுவிலேயே நின்றது. அம்மா பின்னாலேயே வந்து படியில் நின்றிருந்தாள்.

"சமமாத்தான் நிக்குதுன்னு தோணுது," என்றார் அப்பா, கல்லைப் பார்த்தபடி. "நீ ஒரு தடவ பாத்து சொல்லு. அப்பறம் ஆயில் கம்பிய எடுக்கறேன்."

அம்மா வெகுநேரம் அந்தத் தோசையையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "போய் யூனிஃபார்ம கழட்டிட்டு வேற துணி போட்டுக்க," என்றாள்.

தோசை சமமாக நிற்பதற்கும் என் யூனிஃபார்முக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் அழ அழ மாட்டிவிட்டதை இப்போது கழற்றச் சொல்கிறார்களே என்று மறுபடியும் கோபம் வந்தது. அவர்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றதில் தோசை வேறு கருகிப்போனது. நல்ல பசியில் இருந்தேன்.