முப்பத்திரண்டு தொப்பி

புகாரில் என்னைக் 'கைவிடப்பட்ட முதிய பெண் பயணி' என்று எழுதியிருந்தார்கள். பேத்தி வாசித்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்தப் பொய் நெஞ்சில் இறங்கத்தான் நேரம் பிடித்தது. என்னை யாரும் கைவிடவில்லை. என்னைத் தேடிக்கொண்டு ஒருத்தி உச்சி வெயிலில் மேடேறி ஓடி வந்தாள். அவள் பிழைப்பில்தான் மண்ணைப் போடப் பார்த்தார்கள். அவள் எப்படிப்பட்டவள், அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. நடந்தது தெரியும்.

எங்கள் தெருவில் அவளைக் குடைக்காரி என்றுதான் சொல்வோம். இந்தப் பழைய ஊரைப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு அவள் கைடு. கூட்டம் சிதறாமல் இருக்க ஒரு நீலக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். அவள் அப்பா கோட்டையில் கதவு பூட்டுகிறவர். ஏழு வாசல். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் இவள் அவருக்கு முன்னால் ஓடுவாள். மற்ற நேரத்தில் கைடுகளின் பின்னால் போய் நின்று கேட்பாள். பன்னிரண்டு வயதில் ஒரு கைடை நிறுத்தி, "மாமா, அது ராணி ஜன்னல் இல்ல. வேலைக்காரங்க ஜன்னல்" என்றாளாம். அவர் காதைத் திருகி அனுப்பினார். ஆனால் மறுநாளிலிருந்து வேலைக்காரர் ஜன்னல் என்றே சொன்னார்.

அவள் புருஷன் விளம்பரப் பலகை எழுதுகிறவன். சாரத்திலிருந்து விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு கைடு பரீட்சை எழுதினாள். இரண்டு தடவை தேறவில்லை. அவர்கள் கேட்டது வருஷக்கணக்கு, இவளுக்குத் தெரிந்தது கதவும் கல்லும். மூன்றாவது தடவை வருஷங்களை நெட்டுருப் போட்டாள். நான் துணி தேய்க்கிற மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பாள். தப்பாகச் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும்? சும்மா "உம், உம்" என்பேன். தேறிவிட்டாள். சுற்றுலா அலுவலகம் கொடுத்த பேட்ஜைக் குத்திக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தாள். அது இருபத்தொரு வருஷத்துக்கு முந்தி.

இத்தனை வருஷத்தில் அவள் கூட்டத்தில் ஒரு ஆள் தொலைந்ததில்லை. அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. காலையில் பஸ் கிளம்பியதும், "பக்கத்துல இருக்கிறவங்க முகத்தை நல்லா பாத்துக்கங்க. சாயங்காலம் வரைக்கும் அவங்க உங்க சொந்தம். அவங்க வரலைன்னா நீங்கதான் சத்தம் போடணும்" என்பாள். ஒவ்வொரு இடத்திலும் ஏறும்போது, "உங்க ஆள் வந்தாச்சா?" என்று வரிசையாகக் கேட்பாள். ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு அம்மாளிடம் கேட்டாளாம். "உடம்பு வந்திருக்கு. மனசு எங்கயோ, யார் கண்டா?" என்றாளாம் அந்த அம்மாள். பஸ்ஸே சிரித்ததாம்.

அந்த முறையைத்தான் அவள் வேலை பார்த்த டூர் கம்பெனி நிறுத்தியது. முன்பு ஒரு நாளைக்கு ஐந்து இடம் காட்டினார்கள். இப்போது ஒன்பது. ஆளை விசாரிக்க நேரமில்லையாம். எல்லாருக்கும் ஒரு ஆரஞ்சு நிறத் தொப்பி, தொப்பியை எண்ணினால் போதும் என்று உத்தரவு. நேரம் பார்க்க ஒரு சூப்பர்வைசரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

நான் அறுபது வருஷமாகக் கோட்டைக்கு அடியில் இருக்கிறவள். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். எந்தெந்த தேசத்து ஆட்களோ நான் தேய்த்த விரிப்பில் படுத்து, எழுந்து, கோட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மட்டும் மேலே போனதில்லை. கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆள் ஒருவருக்கு வருஷத்தில் ஒரு நாள் சும்மா இடம் தருவார்கள். குடைக்காரி அதை இந்த வருஷம் எனக்கு வாங்கிக் கொடுத்தாள். "உறவுன்னு எழுதணும், என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள். "பெரியம்மான்னு எழுது. அப்படித்தானே கூப்பிடுறே?" என்றேன்.

பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு இளம் ஜோடி, மடியில் கைக்குழந்தை. குழந்தைக்குத் தனி இருக்கை இல்லாததால் தொப்பியும் இல்லை. குடைக்காரி எழுந்து, "பக்கத்துல இருக்கிறவங்க முகத்தை..." என்று ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"மேடம், அந்தக் கதையெல்லாம் வேணாம். தொப்பி இருக்குல்ல?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

பிறகு ஓட்டம். மணிக்கூண்டு, பழைய கடைத்தெரு, குளம், நூலகம். அரண்மனைக்கு இருபது நிமிஷம். நாங்கள் அரண்மனையைப் பார்த்தோமா, அரண்மனை எங்களைப் பார்த்ததா தெரியவில்லை. ஒரு பெரியவர், "இந்தத் தூண் எல்லாம் ஒரே கல்லா?" என்று கேட்டார். குடைக்காரி வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர், "பஸ்ல ஏறிக் கேளுங்க சார்" என்றார். பஸ்ஸில் ஏறியதும் அடுத்த இடத்தின் கதை ஆரம்பித்துவிட்டது. அந்தத் தூணின் சங்கதி அந்த மனிதருக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஆசையோடு வந்த ஆட்களை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டுவதற்குப் பெயர் சுற்றுலாவா?

கோட்டைக்குப் போகும்போது மதியம் இரண்டு மணி. கல்லெல்லாம் கொதித்தது. குழந்தையின் தலை சிவந்துவிட்டது. என் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்து, காற்றில் பறக்காமல் கைக்குட்டையால் கட்டினேன். குழந்தையின் அம்மாவிடம், "நான் அந்த நிழல்ல உக்கார்றேன்மா. கிளம்பும்போது வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். நிழல் இருந்த இடம் ஒரு சின்ன அறை. அதில் கல்லிலேயே குடைந்த ஜன்னல். எட்டிப் பார்த்தால் கீழே எங்கள் தெரு, என் மொட்டைமாடி, காலையில் நான் காயப்போட்ட விரிப்புகள். அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். அது என் தப்புதான். இல்லையென்று சொல்லவில்லை.

கீழே பஸ்ஸில் நடந்ததைக் குழந்தையின் அம்மா பிறகு வந்து சொன்னாள். எல்லாரும் ஏறியதும் குடைக்காரி, "ஒரு நிமிஷம், முகத்தைப் பாத்துடறேன்" என்றிருக்கிறாள். சூப்பர்வைசர் படியிலேயே நின்று எண்ணிவிட்டார். "முப்பத்திரண்டும் இருக்கு. நானே எண்ணினேன். வண்டியை எடுங்க" என்றாராம். முப்பத்திரண்டாவது தொப்பி குழந்தையின் தலையில் இருந்தது. நான் முன்னால் குடைக்காரியோடு உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாளாம் குழந்தையின் அம்மா. இரண்டு தெரு தாண்டியதும் குழந்தை அழுதது. அதைச் சமாதானம் செய்ய வந்த குடைக்காரி என் கைக்குட்டையைப் பார்த்துவிட்டாள்.

"வண்டியை நிறுத்துங்க. பெரியம்மா மேல இருக்காங்க."

"மேடம், மூணு மணிக்கு மியூசியத்துல நுழையணும். விட்டா இன்னைக்கு அனுமதி கிடையாது. அவங்க உள்ளூர்தானே? அவங்களே வீட்டுக்குப் போயிடுவாங்க."

"அவங்களுக்கு முட்டி வலி. இறங்கறதுக்கு நூத்திப்பத்து படி இருக்கு. திரும்பிப் போலாம்."

"முடியாது."

அவள் தன் குடையை அவர் கையில் கொடுத்தாளாம். "அப்ப இதைப் பிடிச்சுக்கிட்டு மியூசியத்தை நீங்களே காட்டுங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

மூச்சு வாங்க வந்து நின்றாள். செருப்பில் ஒரு வார் அறுந்து அதைக் கையில் வைத்திருந்தாள்.

"இங்கயா உக்காந்திருக்கீங்க?"

"வேற எங்க உக்காருவேன்? என் மாடி தெரியுது பாரு. அந்த மூலை விரிப்பு காத்துல விழப் போகுது."

"பஸ் போயிடுச்சு பெரியம்மா."

"போகட்டும். காலையிலேருந்து அது போய்க்கிட்டேதான் இருக்கு."

ஐந்து நிமிஷம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் மகன் என்னைச் சும்மா விடுவானா, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று. பிறகு கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். ஏழு வாசலிலும் என்னை நிறுத்தி உட்கார வைத்து, அங்கங்கே உள்ளதைச் சொன்னாள். அன்று நான் ஊர் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

நான்காம் நாள் அவள் பேட்ஜைச் சுற்றுலா அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டது. வயதான பயணியைக் கோட்டையில் விட்டுவிட்டாள், முப்பத்தொரு பேரை நடுவழியில் விட்டுவிட்டு இறங்கிப் போனாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. ஒரே ஆள் இரண்டு இடத்திலும் எப்படிக் குற்றவாளியாவாள்? என்னைத் தேட வராமல் இருந்திருந்தால் முதல் குற்றம், வந்ததால் இரண்டாவது குற்றம். அவள் என்னதான் செய்திருக்க வேண்டும்? பேட்ஜ் இல்லாமல் இந்த ஊரில் ஒரு கல்லைக்கூட அடுத்தவருக்குக் காட்ட முடியாது.

மறுநாள் கம்பெனி மேனேஜர் பழப்பையோடு என் வீட்டுக்கு வந்தார்.

"பாட்டிம்மா, ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்களாமே. உங்களுக்கு இன்னொரு தடவை சுத்திக் காட்டறோம். இந்தப் புகார்ல ஒரு விரல் மட்டும் வைங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான்."

"எங்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே. நான் எப்ப சொன்னேன்?"

அவர் சிரித்தார். பேத்தி உள்ளேயிருந்து வந்து காகிதத்தை வாங்கினாள். அப்போதுதான் 'கைவிடப்பட்ட முதிய பெண் பயணி'யை நான் முதன்முதலில் சந்தித்தேன். பயந்தேனாம், அழுதேனாம், கைடு என்னைத் திட்டினாளாம். கடைசியது மட்டும் உண்மை. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. "பழத்தை எடுத்துட்டுப் போங்க தம்பி. விசாரணை என்னைக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

விசாரணைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி ஒரு பெண்பிள்ளை. மேஜையில் கோப்புகள், அவற்றின் மேல் ஒரு உறையில் குடைக்காரியின் பேட்ஜ். மேனேஜரும் சூப்பர்வைசரும் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"இதை வளர்க்க வேணாம்மா. 'பயணி தொப்பியைக் கழற்றியதால் ஏற்பட்ட குழப்பம்'னு ஒரு வரி எழுதறேன். யார் மேலயும் நடவடிக்கை இல்லை. பேட்ஜை இப்பவே கொடுத்துடறேன்."

சூப்பர்வைசர் வேகமாகத் தலையாட்டினார். குடைக்காரி என் பக்கம் குனிந்தாள். "விரலை வைங்க பெரியம்மா. எனக்கு பேட்ஜ் போதும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பழி என் மேல் வருவதைப் பற்றிக் கவலையில்லை. தொப்பியைக் கழற்றியது நான்தான். ஆனால் அந்த ஒரு வரியில் இவள் ஓடி வந்தது எங்கே? வண்டியை எடுக்கச் சொன்னவர் எங்கே?

"மூணு வரி எழுதுங்கம்மா," என்றேன். "தொப்பியைக் குழந்தைக்கு வெச்சது நான். முகத்தைப் பாக்காம வண்டியை எடுக்கச் சொன்னது இவர். திரும்ப மாட்டேன்னு சொன்னப்புறம் இறங்கி ஓடி வந்தது இவ. மூணும் இருந்தா மூணு விரல் வேணும்னாலும் வைக்கறேன்."

"பாட்டிம்மா, படிக்காதவங்களுக்கு இந்த விவரமெல்லாம் புரியாது," என்றார் மேனேஜர்.

"படிச்ச உங்க ஆளுக்கு முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணத் தெரியலையே தம்பி."

அதிகாரி சூப்பர்வைசரைப் பார்த்தார். "நீங்க முகத்தைப் பாத்தீங்களா?"

"தொப்பி சரியா இருந்துச்சு மேடம்."

"நான் முகத்தைக் கேட்டேன்."

பதில் இல்லை. அதிகாரிக்கும் அலுப்பு. சாப்பாட்டு வேளை, நாளைக்கு வாருங்கள் என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குடைக்காரி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "கெடுத்துடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்" என்றாள் காதோடு. நான் அசையவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தேன். கடைசியில் மூன்று வரியும் எழுதினார். பேத்தியை இரண்டு தடவை வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டு விரலை வைத்தேன். பேட்ஜ் வந்தது.

ஆனால் கம்பெனி அவளை அதன் பிறகு கூப்பிடவில்லை. ஒரு வரியோடு விட்டிருந்தால் கூப்பிட்டிருப்பார்கள் என்கிறாள் அவள். இருக்கலாம். "உங்க பிடிவாதத்துக்கு என் சோறு போச்சு" என்று என் வாசலில் நின்று சொன்னாள். இப்போது பேட்ஜைக் குத்திக்கொண்டு கோட்டை வாசலில் தானே நிற்கிறாள். ஒரு நாள் ஆறு பேர் வருவார்கள், ஒரு நாள் யாரும் வரமாட்டார்கள். கம்பெனி பஸ் அவளைத் தாண்டித்தான் போகிறது. அதே சூப்பர்வைசர், அதே ஒன்பது இடம். அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனதோடு சரி.

அவள் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேத்தியிடம் கேட்டுவிட்டுப் போகிறாள், "உங்க பாட்டிக்கு முட்டி எப்படி இருக்கு?" என்று. நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். கோபம் தீரும்போது தீரட்டும். அவள் சோற்றில் கை வைத்தது கம்பெனி. அதையும் அவளிடம் ஒரு நாள் சொல்லத்தான் போகிறேன். அந்த மூன்று வரியில் ஒன்றைக்கூட நான் திரும்ப வாங்க மாட்டேன்.