வெக்ஸ்போர்ட் வீட்டிலிருந்து இருபத்துநாலு அடி வண்டிக்கு

போன கிழமை இரண்டு வாசகர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள்: வீட்டை விற்றுவிட்டு மோட்டர்ஹோம் வண்டியில் நிரந்தரமாகக் குடியிருக்கலாமா, எங்கடை ஆட்களுக்கு இது சரிவருமா என்று. சரிவரும். ஆனால் முழுக்க வாசித்துவிட்டு முடிவெடுங்கள், பிறகு என்னைத் திட்டக்கூடாது. நாங்கள் இதைச் செய்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, இவருக்கு நாற்பத்துமூன்று. இவர் என்று நான் எழுதுவதெல்லாம் என் மனிசனைத்தான். ஏன் பேரைச் சொல்லவில்லை என்பது கொஞ்சம் கீழே வரும்.

எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வெக்ஸ்போர்ட் பக்கம். மூன்று அறை, கீழே பேஸ்மென்ட். விலை உச்சத்தில் நின்றபோது வாங்கி, விழுந்த பிறகு விற்ற புத்திசாலிகள் நாங்கள். அந்த வீட்டில் வந்து இறங்காத ஆள் இல்லை. இவரின் மச்சான், மச்சானின் சிநேகிதன், அந்தச் சிநேகிதனின் பெண்சாதியின் தம்பி என்று விமானத்தால் இறங்கியவர்கள் எல்லோரும் முதலில் பெட்டி வைத்தது எங்கள் விறாந்தையில்தான். வேலை கிடைத்து, அப்பார்ட்மென்ட் எடுத்துப் போவார்கள். அடுத்த கிழமை வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். நான் பெரிய சட்டிகளில்தான் சமைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை மறைத்து எழுதி என்ன பயன்? ஆட்கள் நிறைந்திருந்தால் பிள்ளை இல்லாத வீடு என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா, அதனால் எனக்கு அந்தச் சனக்கூட்டம் வேண்டியிருந்தது. ஆகவே இவர் வேலை செய்த பக்டரியை மூடியதும், வீட்டை விற்போம், மோட்டர்ஹோம் வாங்கி அதிலேயே இருப்போம் என்று இவர் சொன்ன அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பிறம்ரனில் இருக்கும் என் தங்கச்சி, "அத்தானுக்கு விசரே?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு கோடை இருந்து பார்க்கிறது. ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் விடுமுறை வரும்போது எனக்குப் பிடிக்கவில்லை என்றால் வண்டியை விற்றுவிட்டுத் திரும்பி வந்து அப்பார்ட்மென்ட் எடுக்கிறது. முடிவு என்னுடையது, இவர் மறுபேச்சுப் பேசக்கூடாது. ஓம் என்றார். நான் அப்போதே மனதில் முடிவெடுத்துவிட்டேன், தாங்ஸ்கிவிங் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம் என்று.

வண்டி பத்து வருடம் ஓடியது, இருபத்துநாலு அடி நீளம், பதினேழாயிரம் டொலர். கார் ஓட்டுகிற சாதாரண ஜி லைசென்ஸ் போதும். உள்ளே பின்பக்கம் ஒரு கட்டில், நடுவில் குசினி, முன்னுக்கு ஒரு மேசை. வீட்டுச் சாமானைக் குறைக்கும்போது ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்: கண்ணாடிப் பாத்திரம் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். ஒரு பிறேக் பிடிப்புக்கு எல்லாம் தூள். இரண்டு சட்டி, ஒரு தாச்சி, தேங்காய் துருவி, இவ்வளவும் காணும். என் பெரிய சட்டிகளைக் கோயில் மடைப்பள்ளிக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கார் பார்க்கிங்கில் நின்று அழுதேன், அதையும் எழுதிவைக்கிறேன்.

யூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டோம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், ரொறன்ரோ முழுக்க வடக்கே கொட்டேஜுக்குப் புறப்படும். காலை ஒன்பதரைக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறி, அங்கிருந்து 400 பிடித்து, வழியில் பாரி நகரத்தில் பெற்றோல் அடித்து, பரி சவுண்ட் போய்ச் சேரப் பின்னேரம் இரண்டரை. ஏறத்தாழ இருநூற்று முப்பது கிலோமீற்றர். அந்த நாளில் பாதி வழிக்குப் பிறகு ஒற்றை றோட்டு, பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடித்தபடியே வருவார்கள். இப்போது அகலமாக்கிவிட்டார்கள். பெற்றோலுக்கு நாற்பது டொலர் முடிந்தது. இந்த வண்டிகள் பெற்றோலைக் குடிக்கிற குடியைப் பார்த்தால் உங்கள் வீட்டு ஆம்பிளைகளை மன்னித்துவிடுவீர்கள்.

வழி முழுக்க நாங்கள் பேசியது, பாதையில் வரும் போர்டை நான் வாசித்ததும் அதற்கு இவர் "ம்" என்றதும்தான். அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை.

நாங்கள் எடுத்த இடம் ஏரிக்கரையில் ஒரு தனியார் காம்ப் கிறவுண்ட். தண்ணீரும் கரண்டும் சேர்த்து நாளுக்கு இருபத்திரண்டு டொலர். வண்டியைப் பின்னால் எடுத்து மரங்களுக்கிடையில் நிறுத்த வேண்டும். இங்கேதான் எல்லாப் புருசன் பெண்சாதிக்கும் சண்டை வரும், எங்களுக்கு வந்தது வேறு. நான் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்ட வேண்டும். மனிசனின் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்த ஆள் நான். கலியாணம் கட்டிய பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று கத்தினேன். எஞ்சின் இரைச்சலில் அது ஆருக்குக் கேட்கும்? வண்டி பின்னால் வந்து தண்ணீர்க் குழாயை அடியோடு பிடுங்கிவிட்டது. தண்ணீர் பனை உயரத்துக்கு அடித்தது. காம்ப் கிறவுண்ட் சொந்தக்காரி, அறுபது வயதிருக்கும், றப்பர் பூட்ஸோடு ஓடிவந்து பெரிய வால்வைப் பூட்டினாள். ஏசவில்லை, சிரித்தாள். மாதம் ஒரு குழாயாவது போகுமாம்.

இதைப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: பின்னால் நிற்கிற ஆளுக்குப் பக்கக் கண்ணாடியில் சாரதியின் முகம் தெரிய வேண்டும். உங்களுக்கு அவர் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கு உங்களைத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் சோறு இறக்கினேன். வீட்டில் என்றால் ஆரையாவது பிடித்து, "அண்ணையைச் சாப்பிட வரச்சொல்லு" என்பேன். இவருக்கும் தேத்தண்ணி வேண்டுமென்றால், "அக்காவிட்டைச் சொல்லு" என்பார். பதின்மூன்று வருடமும் எங்கள் பேச்சு மூன்றாம் ஆள் வழியாகத்தான் போய்வந்திருக்கிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அது எங்களுக்கே தெரியவில்லை. இப்போது இவர் வெளியே கதிரையில், நான் உள்ளே சோற்றோடு, நடுவில் ஒரு குருவியும் இல்லை. என்ன செய்தேன் தெரியுமோ? அகப்பையால் சட்டி மூடியில் தட்டினேன். இவர் எழும்பி வந்தார். இரண்டு கிழமை இப்படியே மூடியில் தட்டித்தான் சாப்பாடு போட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. இந்த ஆளோடு பேச எனக்கு ஒன்றுமே இல்லையா, இவ்வளவு காலமும் நான் ஆரோடு இருந்தேன் என்று படுத்துக் கிடந்து யோசிப்பேன்.

மற்றப்படி வண்டிச் சீவியம் பழகிவிட்டது. றைஸ் குக்கரையும் ஏசியையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், கரண்ட் போய்விடும். மீனை வெளியே வைத்துப் பொரியுங்கள், இல்லையென்றால் தலையணையும் மணக்கும். எங்கடை ஆட்கள் தண்ணீரைத் தாராளமாகப் பாவிப்பவர்கள், அதனால் கழிவுத் தொட்டி மூன்று நாளில் நிரம்பிவிடும். அதைக் குழாய் போட்டுத் திறந்துவிடுவது இவரின் வேலை. தேவாரம் பாடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிசன், கையுறை மாட்டிக்கொண்டு கக்கூஸ் தண்ணீர் விட்டுவிட்டு, நேரே போய் ஏரியில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வண்டிப்படி ஏறுவார். பாவமாகவும் இருக்கும்.

மூன்றாம் கிழமை சொந்தக்காரி எங்களை ஏரியை ஒட்டிய நல்ல இடத்துக்கு மாறச் சொன்னாள். அது சரிவு. பின்னால் பத்தடியில் கற்பாறை, அதற்குக் கீழே தண்ணீர். இவர் பின்னால் எடுத்தார். இந்த முறை கண்ணாடியில் தெரிகிற மாதிரித்தான் நின்றேன், ஆனால் இவர் மற்றக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஈரப் புல்லில் சறுக்கத் தொடங்கியது. கையைக் காட்டினேன், வண்டியில் அடித்தேன். பிறகு வந்தது வரட்டும் என்று அடிவயிற்றிலிருந்து, "யோகநாதன், நில்லுங்கோ!" என்று கத்தினேன்.

வண்டி நின்றது. இவர் இறங்கிவந்து, என்னைப் பார்க்காமல் மரங்களுக்குள்ளே சுற்றிச்சுற்றிப் பார்த்தார். இந்தக் காட்டுக்குள் தன்னைத் தெரிந்த தமிழர் ஆர் என்று தேடுகிறார்.

"ஆர் கூப்பிட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இந்த மனிசன் பாறையில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். சிரித்து முடிந்த பிறகும் எழும்பவில்லை. வண்டி பாதையில் குறுக்கே நின்றபடி நின்றது.

அப்போதுதான் கேட்டேன், ஏன் வீட்டை விற்றீர்கள் என்று. வேலை போனதால், மோட்கேஜ் கடன் கட்ட ஏலாமல் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வீட்டிலை ஆக்கள் இருக்கேக்கை நீர் சிரிச்சுக்கொண்டு திரிவீர். ஆக்கள் வெளிக்கிட்டுப் போற அண்டைக்கு அறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்துவீர். நான் கதவுக்கு வெளியிலை நிப்பன். என்ன சொல்லுறது எண்டு தெரியாது, பேந்து கீழை போயிடுவன். எத்தினை வருசம் அப்பிடி நிக்கிறது? இந்த வண்டியிலை சாத்துறதுக்கு அறையில்லை. அதுதான் வாங்கினனான்."

இவர் கதவுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியாது. ஒரு தரம்கூடத் தெரியாது. பிள்ளை இல்லாத துக்கம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்து, அதையும் ஆருக்கும் பங்கு கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறேன். அந்தப் பாறையில் இருந்து அழுதேன், இவரும் அழுதார். பக்கத்து டிரெய்லர்க் கிழவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, ஏதோ செத்தவீடு என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் தேனும் பாலும் என்று எழுதமாட்டேன். சண்டை பிடித்தோம். முகம் பார்த்துச் சண்டை பிடிக்கப் பழகினோம், அது முதலில் கஷ்டம். இவர் தூக்கத்தில் புறுபுறுப்பார் என்பதும், இவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதும் அந்த ஓகஸ்டில்தான் எனக்குத் தெரியவந்தது. பதின்மூன்று வருடம் கத்தரிக்காயை வாய் திறக்காமல் சாப்பிட்டிருக்கிறார், விசர் மனிசன்.

இனி, வருடம் முழுக்க இப்படி இருக்க யோசிப்பவர்களுக்கு. ஒன்ராறியோவில் பெரும்பாலான காம்ப் கிறவுண்டுகள் தாங்ஸ்கிவிங்கோடு தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்னமே குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்து, உறையாமல் காக்கிற இளஞ்சிவப்பு மருந்துத் தண்ணீரை விடவேண்டும், இல்லையென்றால் உறைந்து வெடிக்கும். பனிக்காலத்துக்குத் தெற்கே போகலாம். நாங்கள் புளோரிடா போனோம். உழைப்புக்கு இவர் அடுத்த கோடையில் பிறம்ரன் வெயார்ஹவுஸ்களில் சீசன் வேலை செய்தார். கடிதம், ஹெல்த் கார்ட் எல்லாவற்றுக்கும் நம்பிக்கையான ஒருத்தரின் விலாசம் வேண்டும். எங்களுக்குத் தங்கச்சி வீடு.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லித்தராத விசயம்: ஆட்கள் வந்து தங்கக் கேட்டால் என்ன சொல்வதென்று முதலே யோசித்து வையுங்கள். எங்கடை சனத்தில் இது வராமல் இருக்காது.

எனக்கு அது தாங்ஸ்கிவிங்குக்கு முந்தின நாள் வந்தது. காம்ப் கிறவுண்ட் கடை வாசலில் உள்ள பேபோனில் தங்கச்சிக்கு எடுத்தேன். இவர் இரண்டு அடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் முடிவு சொல்ல வேண்டும். இவர் ஒரு சொல் கேட்கவில்லை, ஒப்பந்தம் அப்படி. தங்கச்சி சந்தோசமாகச் சொன்னாள், ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்திறங்குகிறது, நீங்கள் இனி அப்பார்ட்மென்ட் எடுக்கத்தானே போறியள், கொஞ்சம் பெரிதாகப் பார்த்து எடுங்கோ, அவையளும் உங்களோடை இருக்கட்டும் என்று. பிள்ளைகளுக்கு ஐந்தும் மூன்றும் வயதாம்.

உண்மையைச் சொல்கிறேன், ஐந்தும் மூன்றும் என்றதும் என் நெஞ்சு ஓடத்தான் பார்த்தது. பிறகு நான் தங்கச்சியிடம் அவர்களுக்கு அவளின் பேஸ்மென்டைக் கொடுக்கச் சொன்னேன். வந்த கிழமை நான் வந்து நின்று சமைத்துத் தருகிறேன், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் காட்டிவிடுகிறேன் என்றேன். அதன்படியே செய்தோம், அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் எனக்கு ஃபோன் எடுப்பார்கள்.

"அப்ப நீங்கள்?" என்று கேட்டாள்.

"நாங்கள் வண்டியிலேயே இருக்கப்போறம்."

எங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் வருகிற அந்தப் பாவப்பட்ட குரலில் கேட்டாள்: "நீங்கள் ரெண்டு பேர் மட்டுமோ, அக்கா?"

"ஓம்" என்றேன். "நாங்கள் ரெண்டு பேர்தான்."

எத்தனையோ படிவத்தில், எத்தனையோ கலியாண வீட்டில், ஆட்கள் கேட்கக் கேட்க நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்ன பதில் அது. அன்றைக்கு இவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.