சித்தப்பா தேரை நிறுத்திய வருடம்

புளியங்கட்டையில் செதுக்கிய அந்த முட்டுக்கட்டையை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். உருண்டுவரும் தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தேரை நிறுத்துகிற கட்டை அது. விக்கிரமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், சாமியே இல்லை என்று ஊரெல்லாம் சண்டை போட்ட என் சித்தப்பாவின் கைக்கு அது வந்து சேர்ந்ததே ஒரு கூத்து.

சித்தப்பா பஸ் டிரைவர். அரியலூர் ரோட்டில் ஹாரனை அலறவிட்ட மனிதர், ரிட்டயர் ஆனதும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு வைத்தால் இரண்டு வாய்தான். "எந்திரிச்சு நான் என்னத்தப் பண்ணப்போறேன்?" என்பார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தி கோயிலுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவராவது, வருவதாவது! இந்த மனுசன் இப்படியே படுத்துப் போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று சித்தி அழுதாள்.

அந்த வருடம் திருவிழாவுக்கு முன்னால், முட்டுக்கட்டை போடுகிறவருக்குக் கால் பிசகிவிட்டது. பூசாரி நேரே சித்தப்பாவிடம் வந்து, "பிரேக்கோட அருமை தெரிஞ்ச ஆளு நீங்கதாங்க" என்றார்.

"சாமி மேல எனக்கு நம்பிக்கை இல்லீங்க."

"தேருக்கு முன்னாடி புள்ளகுட்டியோட ஜனங்க நிப்பாங்களே, அவங்க மேல இருக்குல்ல?"

சித்தப்பா மெல்லத் திரும்பினார். "கடைவீதி எறக்கத்துல வடம் புடிக்கிறது யாரு?" என்று கேட்டார். அடுப்படியில் சித்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திருநீறு பூச மாட்டேன் என்று அடம்பிடித்தார். காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்றதற்கு மட்டும், "டூட்டி ஏறுனா பாதியில எறங்கக் கூடாது, நியாயந்தானே" என்று கையை நீட்டினார். தேரன்று இறக்கத்தில் தேர் வேகமெடுத்ததும், "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கண்டக்டர் மாதிரி ஒரு கத்து கத்திக் கட்டையைப் போட்டார் பாருங்கள், தேர் ஆடி நின்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் முகத்தில் வேர்வையும் சந்தோஷமுமாக வழிந்தது. பக்தி மனதுக்குத் தெம்பு தரும் என்பார்கள். சித்திக்கு அது தந்தது. சித்தப்பாவுக்கோ, நாலு பேர் தன்னை நம்பி நிற்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. இரண்டும் ஒரே தெருவில்தான் ஓடின.

மறுநாள் அவர் மறுபடியும் படுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனேன். கட்டில் காலி. தேரடியில் அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அங்கே வந்த சித்தி தயங்கித் தயங்கி, "நீங்க எந்திரிச்சா மொட்டை போட்டுக்கிறேன்னு வேண்டியிருக்கேங்க" என்றாள். இடுப்பு வரை முடி அவளுக்கு. சித்தப்பா தாம்தூம் என்று குதித்தார். பிறகு விறுவிறுவென்று போய், மொட்டை போடுகிறவர் முன்னால் தானே உட்கார்ந்தார்.

"என்னங்க, நம்பிக்கை வந்துருச்சா?" என்று பூசாரி சீண்டினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எந்திரிச்சது நானு. அவ முடி எதுக்குப் போவணும்? ம், சீக்கிரம் வழிங்க, வேலை கெடக்கு!"